மூன்றாவது மின்விசிறி

மைக் வேண்டாம் என்றார்கள்.
ஸ்பீக்கர் வேண்டாம், ஆம்ப்ளிஃபையர் வேண்டாம்.
பிறகு எதற்குச் சவுண்ட் சர்வீஸ்காரனைக் கூப்பிட்டீர்கள் என்றேன்.
"சத்தம் வராமல் பார்த்துக்கொள்ள" என்றார்
விழாக் குழுவின் டாக்டர் கெசியாள்.
மூன்று நாளைக்கு ஒன்பதாயிரம்.
இருபத்தொரு வருஷத் தொழிலில்
அமைதிக்கு வாங்கிய முதல் அட்வான்ஸ்.

சித்திரை வெயில்.
கோட்டை அகழி பச்சையாய்க் கொதித்தது.
தோட்டப்பாளையம் மண்டபத்துக்குள்
பெங்களூரிலிருந்து லாரியில் வந்த பியானோ
போர்வை போர்த்தி, மூன்று காலில்,
எக்ஸ்ரேவுக்குக் காத்திருக்கும் எருமை மாதிரி.

ஒருத்தர் மட்டும் வாசிப்பாராம்.
தவில் இல்லை, ஒத்து இல்லை,
தாளம் போடக்கூட ஆளில்லை.

வாசல் கேட்டுக்குக் கிரீஸ் வைத்தேன்.
நாற்காலிக் கால்களுக்குப் பழைய சைக்கிள் ட்யூப்.
ஜெனரேட்டரை மூன்று வீடு தள்ளிக் கட்டினேன்.
ஹாரன் அடிக்காதீர்கள் என்று
பஸ் டிரைவர்களிடம் கெஞ்ச ஜானி பாஷாவை அனுப்பினேன்;
அவர்களோடு டீ குடித்துவிட்டு வந்தான்.
ஒன்றுதான் கைமீறியது:
மேடைக்கு நேர்மேலே மூன்றாவது மின்விசிறி.
ஆடி ஆடி, மூச்சுவிடும் இடைவெளியில் ஒரு கிர்க்.
பேரிங் போய்விட்டது. ஏணி எட்டவில்லை.

மாலையில் வந்தவர்களில் பாதிப்பேர்
காந்தி ரோடு லாட்ஜ்வாசிகள்.
முழங்கை மடிப்பில் பஞ்சு ஒட்டியவர்கள்,
நாளைக்கு ரிப்போர்ட் வரப்போகிற வங்காளிகள்.
இன்றைக்கு எங்காவது உட்கார வேண்டும், அவ்வளவே.

ஷில்லாங்கிலிருந்து வந்த தாரிஷா
உட்கார்ந்தாள். கையைத் தூக்கினாள்.
கிர்க்.
சுவிட்சுக்கு ஓடினேன். விசிறி நின்றது.
இருநூறு நெற்றிகளில் ஒரே சமயத்தில் வியர்வை.
அவள் என்னைத் திரும்பிப் பார்த்து
விரலால் ஒரு வட்டம் போட்டாள்:
சுற்றட்டும்.

அப்புறம் நடந்ததைச் சொல்ல எனக்கு வரவில்லை.
இடது கை நடந்தது,
கடைசி ரயிலைத் தவறவிட்டவன்
காட்பாடி மேம்பாலத்தில் நடப்பதுபோல,
இனி அவசரம் எதற்கு என்று.
வலது கை ஏதோ கேட்டது, பாதியில் விட்டது,
வேறொன்றைக் கேட்டது.
கிர்க் வரும் இடத்தில் மட்டும்
குறுகின சந்தில் எதிரே சைக்கிள் வந்தால்
சுவரோடு ஒட்டிக்கொள்வோமே, அப்படி ஒதுங்கினாள்.
பத்தாம் நிமிஷம் விசிறிதான்
அவளுக்காகக் காத்திருப்பதாய்ப் பட்டது.
சத்தியமாய்ச் சொல்கிறேன், வோல்டேஜ் மாறவில்லை.

மறுநாள் காலை பயிற்சிப் பட்டறை.
ஆளுக்கு ஒரு சத்தம் கொடுங்கள் என்றாள்.
நர்சிங் மாணவி பேனாவைச் சொடுக்கினாள்.
சர்ச்சில் ஆர்கன் வாசிக்கும் ஞானசிகாமணி தொண்டையைச் செருமினார்,
"இதில் முடிவு எங்கே என்று எப்படித் தெரியும்?"
"எனக்கும் தெரியாது. பசித்தால் நிறுத்திவிடுவேன்."

பராசாத்தில் மளிகைக் கடை வைத்திருக்கும் நிமாய் பாபு,
மனைவி ஆபரேஷன் தியேட்டரில்,
மொபைலை நாற்காலிக் கையில் கவிழ்த்து வைத்திருந்தவர்,
எதுவும் தரவில்லை.
அவர் முறை வந்ததும் அவள்
நாலு எண்ணிக்கை வெறுமையாய் விட்டாள்.
அடுத்த சுற்றிலும் விட்டாள்.
ஐந்தாம் சுற்றில் மொபைல் அதிர்ந்தது,
மரத்தின் மேல், டுர்ர்ர்.
எடுத்துக்கொண்டு வெளியே போனார்.
அந்த நாலு எண்ணிக்கையை
பட்டறை முடியும்வரை அவள் யாருக்கும் கொடுக்கவில்லை.

மூன்றாம் நாள் மாலை
அவர் வருகிறாரா என்று வாசலிலேயே நின்றேன்.
காந்தி ரோட்டிலிருந்து வரும் முகமெல்லாம்
ஒரே மாதிரிதான் தூக்கம் கெட்டிருக்கிறது.

இன்று கணியம்பாடியில் கல்யாணம்.
எட்டு ஹார்ன், நாலு பாக்ஸ்.
கருவிப் பையைத் திறந்தால்
அந்த விசிறிக்கு வாங்கிய பேரிங், பிரிக்காத காகிதத்தில்.
அடியில் தள்ளிவிட்டு மைக்கைப் பிடிக்கிறேன்.
ஹலோ. செக். ஒன். டூ.

பந்தல் மேலிருந்து ஜானி பாஷா கத்துகிறான்,
"த்ரீ சொல்லுண்ணே!
இன்னா, அப்படியே நின்னுட்டே?"